முதல் வாரத்துக் கேமரா, மூன்றாம் வருடத்துக் கேமரா

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் முன்பெல்லாம், "அண்ணாச்சி, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்பார்கள். இப்போது அந்தக் கேள்வியே இல்லை. யூடியூபில் பார்த்துக் கேமராவை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். "இதைத்தான் வாங்கப் போகிறேன், சரிதானே?" என்று என் தலையாட்டலுக்காக நிற்பார்கள். ஏன் அந்தக் கேமரா என்று கேட்டால் மனப்பாடமாக வந்து விழும்: டைனமிக் ரேஞ்ச் அருமை, கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் அபாரம், கைக்கு வாகாக இருக்கிறது. எங்கே எடுக்கப் போகிறாய், எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறாய் என்று கேட்டால் முழிப்பார்கள்.

தூத்துக்குடியில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். முகூர்த்தம், தேவாலயத் திருமணம், நிக்காஹ், காதுகுத்து, இடையிடையே உப்பளத்திலும் கடற்கரையிலும் ஜோடிப் படங்கள். பிலிம் காலத்தின் வாலைப் பிடித்து உள்ளே வந்தவன், இன்று உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வரை வந்திருக்கிறேன். நானும் கேமரா விமர்சனங்களைப் பார்க்கிறேன், படிக்கிறேன். அவற்றை ஒதுக்கித் தள்ளு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். "எல்லாம் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள்" என்று டீக்கடையில் சொல்வது சுலபம். ஆனால் நேர்மையான விமர்சகரும் தவறிப்போகும் இடங்கள் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதுதான் பணத்தைக் காப்பாற்றும்.

முதலாவது, காலம். புதிய கேமரா அறிவிக்கப்படும் நாளில், ஒரே மணி நேரத்தில், உலகம் முழுவதும் விமர்சனங்கள் வெளிவருவதைக் கவனித்திருப்பீர்கள். நிறுவனம் கேமராவை முன்கூட்டியே இரவலாகக் கொடுத்து, இன்ன நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கும். சில சமயம் கையில் கிடைப்பது கடைக்கு வரும் கேமராவாகக்கூட இருக்காது, அதற்கு முந்தைய மாதிரியாக இருக்கும். ஒரு வாரம், கூடிப்போனால் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அந்த வாரத்தில் எந்த ரப்பரும் உரியாது, எந்தப் பொத்தானும் தளராது, வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் எந்த ஷட்டரும் தேயாது. அவர் சொல்வது பொய்யில்லை. முதல் வாரத்து உண்மை, அவ்வளவுதான்.

இதற்கு நல்ல பாடம் நிக்கான் டி600. 2012 செப்டம்பரில் வந்தது. 24 மெகாபிக்சல், படத்தைப் பதியும் சென்சார் பழைய பிலிம் அளவுக்கு (முழு ஃபிரேம் என்பார்கள்), அந்த வகையில் அன்றைக்குக் குறைந்த விலை. விமர்சனங்கள் பாராட்டித் தள்ளின, பாராட்டத் தகுந்த கேமராவும்தான். வாங்கியவர்கள் சில ஆயிரம் படங்கள் எடுத்த பிறகு ஒன்றைக் கவனித்தார்கள். படத்தின் இடது மேல் பகுதியில் சின்னச் சின்னப் புள்ளிகள். துடைத்தால் போகும், திரும்ப வரும். சென்சாரின்மேல் தூசியும் எண்ணெய்த் துளிகளும் வந்து படிந்துகொண்டிருந்தன. லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எடுத்தால் தெரியாது. துவாரத்தை எஃப்/16 என்ற சின்ன அளவு வரை சுருக்கி, வெளுத்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்தால் பளிச்சென்று தெரியும்.

விமர்சகர் ஒரு வாரத்தில் சில நூறு படங்கள் எடுப்பார், அதிலும் பாதி மங்கிய பின்னணியோடு துவாரம் திறந்து எடுத்தவை. அவர் கண்ணில் அது படவே வாய்ப்பில்லை. ஒரு கல்யாணக்காரன் இரண்டே முகூர்த்தத்தில் சில ஆயிரங்களைத் தாண்டிவிடுவான். 2013 பிப்ரவரியில் நிக்கான் இது குறித்து அறிவிப்பு வெளியிட்டது. அந்த அக்டோபரில் புதிய ஷட்டரோடு டி610 வந்தது. 2014 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் தினத்தன்று இதை ஒளிபரப்பிய பிறகு விவகாரம் இன்னும் பெரிதாகி, கடைசியில் டி600 வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக ஷட்டர் மாற்றித் தர முன்வந்தார்கள். ஆரம்பத்திலேயே இதைச் சுட்டிக்காட்டியவர்களில் அமெரிக்காவின் லென்ஸ்ரென்டல்ஸ் என்ற வாடகை நிறுவனமும் ஒன்று. அவர்களிடம் அந்தக் கேமரா ஒன்றல்ல, பல இருந்தன. ஒவ்வொரு வாடகைக்குப் பிறகும் திரும்பி வரும்போது சென்சாரைப் பார்த்துத் துடைப்பது அவர்களுடைய அன்றாட வேலை. விமர்சகருக்கு இல்லாத அந்த வசதியை நான் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 2020 ஜூலையில் கேனான் ஆர்5 வந்தபோது ஊரெல்லாம் ஒரே பேச்சு: சூடாகிறது, சூடாகிறது. 8கே என்ற மிக நுணுக்கமான வீடியோ சுமார் 20 நிமிடம்தான் எடுக்கும் என்று நிறுவனமே எழுதிக் கொடுத்திருந்தது. அணைந்த பிறகு மீண்டும் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் இன்னும் பெரிய எரிச்சல். ஆகஸ்டில் புதிய ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) வந்து ஓரளவு சரிசெய்தது, பின்னாளில் வந்தவை இன்னும் தளர்த்தின. அத்தனை விமர்சனங்களையும் பார்த்தவர்கள் அது தொட்டால் சுடும் பெட்டி என்றே நினைத்தார்கள். ஆனால் அதை வாங்கிய கல்யாணப் புகைப்படக்காரர்களில் பெரும்பாலோருக்கு 8கே எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கவலையில்லை. ஸ்டில் எடுத்தார்கள், ஆல்பம் போட்டார்கள், கேமரா உழைத்தது. ஆக, விமர்சனம் மௌனமாக இருந்த இடத்தில் பயனருக்குத் தலைவலி, விமர்சனம் கூச்சலிட்ட இடத்தில் பயனருக்கு ஒன்றுமில்லை.

அந்த 20 நிமிடக் கணக்குக்குக் கீழே ஒரு சின்ன வரி உண்டு. 23 டிகிரி செல்சியஸில் அளந்தது. 23 டிகிரி! எங்கள் ஊரில் மார்கழி விடியலில் அந்தக் குளிர் வரும். சித்திரை மதியம் உப்பளத்தில் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவில் நிற்கும்போது மேலிருந்தும் வெயில், கீழிருந்தும் வெயில். கறுப்பு நிறக் கேமராவை ஐந்து நிமிடம் முக்காலியில் விட்டால் உடம்பைத் தொட முடியாது. பேட்டரிக்குச் சொல்லும் படக் கணக்கும் இப்படித்தான். சோனி ஏ7 III-க்கு 710 படம் என்று போட்டிருப்பார்கள். சிப்பா என்ற ஜப்பானியச் சங்கத்தின் முறைப்படி, மிதமான வெப்பத்தில், 30 நொடிக்கு ஒரு படம் என்று எடுத்து, அவ்வப்போது அணைத்துப் போட்டு அளக்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் படபடவென்று எடுப்பவனுக்கு ஒரே பேட்டரியில் அதைப்போல இரண்டு மடங்குகூடக் கிடைக்கும். மாப்பிள்ளை அழைப்புக்காக வாசலில் கேமராவை உயிரோடு வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பவனுக்கு அதில் பாதியும் கிடைக்காது. எண் பொய் சொல்லவில்லை, நம் வேலையை அது அளக்கவும் இல்லை.

வெயிலைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 2007-இல் கேனான் 1டி மார்க் III வந்தது, விளையாட்டுப் படம் எடுப்பவர்களுக்கான உச்சக் கேமரா. கனடாவைச் சேர்ந்த ராப் கால்பிரெய்த், தானே பத்திரிகைப் புகைப்படக்காரர், அதை மைதானத்துக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, வெப்பமான, பளீரென்ற வெயிலில் ஓடும் ஆட்களை ஃபோகஸ் ஒழுங்காகப் பின்தொடரவில்லை என்று விரிவாக எழுதினார். பலர் நம்பவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் உள்ளே இருக்கும் துணைக் கண்ணாடிப் பகுதியைச் சரிசெய்து தருவதாகக் கேனான் அறிவித்தது. அவரும் விமர்சகர்தான். தன் சொந்த வேலையைத் தனக்கு வழக்கமான வெயிலில் செய்து பார்த்தார், திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். இந்த வகை விமர்சகர் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது இடம். இதில் எங்களுக்கு மிகப் பெரிய எதிரி விளக்கு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமெரிக்காவில் 60 சுழற்சி. அங்கிருந்து பேசுகிற விமர்சகர், உள்ளரங்கில் ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது 1/125 நொடியில் வையுங்கள் என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார். அவர் ஊருக்கு அது பொருந்தும். இங்கே அதே எண்ணில் வீடியோ எடுத்தால் மண்டபத்துச் சுவரில் அலையலையாக நிழல் ஓடும். நமக்கு 1/50, 1/100. (கேமரா பிறக்கும் ஜப்பானிலேயே கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60. அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் மெனுவில் அந்தத் தேர்வு இருக்கிறது. மெனுவின் அந்தப் பக்கத்தை விமர்சன வீடியோவில் யாரும் திறந்து நான் பார்த்ததில்லை.)

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ரிசப்ஷன் மேடையின் பின்னால் இப்போதெல்லாம் ஆளுயர எல்இடி திரை வைக்கிறார்கள். அது தன் சொந்த வேகத்தில் அணைந்து எரிகிறது, மின்வாரியத்தின் 50-ஐ மதிப்பதில்லை. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிக்கும். மெதுவாகப் படிக்கும் சென்சாராக இருந்தால், ஒரு படம் முடிவதற்குள் விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடும். மணமகள் நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை, கழுத்தில் ஒரு பட்டை, பட்டுப்புடவையில் நாலு பட்டை. கேமராவின் சின்னத் திரையில் பார்க்கும்போது புடவைக் கரைபோலத் தோன்றும். வீட்டில் பெரிய திரையில் திறக்கும்போதுதான் வயிறு கலங்கும். தேவாலயத்தில் இது இன்னும் சங்கடம். நற்கருணை நேரத்தில் ஃபாதருக்கு ஷட்டர் சத்தம் கேட்கக்கூடாது, ஃபிளாஷும் கூடாது. சத்தமில்லாத ஷட்டரைத் தவிர வழியில்லை. "முழு மௌனம், கல்யாணத்துக்குச் சொல்லி வைத்ததுபோல" என்று விமர்சகர் புகழ்ந்த அதே அம்சம், நம் பீடத்து விளக்குகளுக்கு முன்னால் வரிக்குதிரைப் படம் தரும். அவர் அதைச் சொன்னது ஜன்னல் வெளிச்சம் வழியும் ஒரு வெளிநாட்டு மண்டபத்தில் நின்று.

சென்சார் வேகமாகப் படிக்கும் கேமராக்களில் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். 2017-இல் வந்த சோனி ஏ9 அந்த வழியைத் திறந்தது, 2021-இல் நிக்கான் இசட்9 எந்திர ஷட்டரையே தூக்கிவிட்டு வந்தது. விலையும் அதற்கேற்ப. நடுத்தர விலைக் கேமராவில் எந்திர ஷட்டரை நம்புங்கள், அது எழுப்பும் 'டக்' சத்தத்துக்கு ஃபாதரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு எங்கள் ஊர்க் காற்று. ஈரம், அதில் உப்பு. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதைப் பற்றி எத்தனை விமர்சனத்தில் கேட்டிருக்கிறீர்கள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் பையோடு அலமாரியில் போட்ட லென்ஸைத் தை மாதம் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய நரம்புகள் தெரிந்தால் முடிந்தது கதை. காற்றின் ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கும் உலர் பெட்டி ஒன்று வாங்குவது, இரண்டாவது கேமரா வாங்குவதைவிட முக்கியம் என்பேன். உப்பளத்துக்குப் போய்வந்த நாளில் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் அடுத்த மாதம் திருகு சுற்றாது. கேமரா உடம்பின் இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. 'காலநிலை பாதுகாப்பு' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பது மழைத் தூறலை நினைத்து எழுதியது. உப்பை நினைத்து எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வாசலுக்கு வந்ததும் லென்ஸ் வியர்ப்பது வேறு. மணமக்கள் காரில் ஏறும்போது வெளியே ஓடுகிற நிமிடத்தில்தான் இது நடக்கும். பத்து நிமிடம் முன்னாலேயே ஒரு கேமராவை வெளியே உதவிப் பையனிடம் கொடுத்து வைப்பது என் வழக்கம்.

கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் பற்றிக் குறைவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையாகவே அது நன்றாக வந்துவிட்டது. ஆனால் குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் 'அபாரம்' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரவு, புழுதி, மேளம், முகம் முழுக்கச் சாயம் பூசிய காளி வேடங்கள். வேடக்காரரின் கண்ணை விட்டுவிட்டு, கிரீடத்தில் வரைந்திருந்த முகத்தின் கண்ணில் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொண்ட கேமராவை வைத்திருந்தேன். அம்மன் அப்படித்தான் விரும்பினாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது விஷயம் பலர் கவனிக்காதது. விமர்சகரும் பயனர்தான். ஆனால் அவருடைய தொழில் விமர்சனம். தன்னையே எதிரில் வைத்துப் படம் பிடித்துப் பேசுவது அவருடைய அன்றாடம். அதனால் திரை முன்பக்கம் திரும்புமா, தன் முகத்தை ஃபோகஸ் விடாமல் பிடிக்குமா, மைக் செருக இடம் இருக்கிறதா என்பவை அவருக்கு உயிர்நாடி. திரை திரும்பாத ஒரு நல்ல ஸ்டில் கேமராவை 'பழைய காலத்துப் பொருள்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிய விமர்சனங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கல்யாணத்தில் என் முகத்தை யார் எடுக்கப் போகிறார்கள்? எனக்கு வேண்டியது இரண்டு கார்டு இடம், ஒன்று கெட்டால் ஒன்று. தாலி கட்டுவதைத் திரும்ப நடத்திக் காட்டச் சொல்ல முடியாது.

அவருடைய கணினியும் அவருடைய தொழிலுக்கேற்றது. புதுக் கேமராவின் 10-பிட் எச்.265 என்ற, இறுக்கிச் சுருக்கிய வீடியோவை அவர் நொடியில் திறந்து காட்டுவார். நம் ஊர் எடிட்டரின் ஆறு வருடப் பழைய கணினியில் அதே கோப்பு ஒரு ஃபிரேமுக்கு ஒரு முறை இருமும். புதுக் கேமராவின் ரா கோப்பை, அதாவது பதப்படுத்தாத மூலப் படத்தை, நம்மிடம் இருக்கும் பழைய மென்பொருள் அடையாளமே காணாது. கேமரா விலையோடு கணினி, மென்பொருள், கார்டு, பேட்டரி என்று எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் உண்மையான விலை தெரியும். அந்தக் கூட்டலை எந்த விமர்சகரும் நமக்காகப் போட்டுத் தர மாட்டார்.

சரி, காசு. அதையும் பேசிவிடுவோம். வீடியோவுக்குக் கீழே இருக்கும் இணைப்பைத் தொட்டு நீங்கள் வாங்கினால் விமர்சகருக்குக் கமிஷன் போகும். இதில் குற்றம் ஒன்றுமில்லை, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் "இப்போது இருப்பதே போதும், வாங்காதீர்கள்" என்று சொல்லும் விமர்சனத்துக்குக் கீழே இணைப்புக்கு வேலையில்லை. ஆகவே எந்த நிறுவனத்தின் பக்கமும் சாயாதவர்கூட, ஏதாவது ஒன்றை வாங்கு என்ற பக்கம் சாய்ந்துவிடுவார். இந்தியாவில் 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு விதிமுறை வெளியிட்டது. பணம் மட்டுமில்லை, இலவசப் பொருள், பயணச் செலவு, தள்ளுபடி எதைப் பெற்றிருந்தாலும் பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நான் பார்ப்பது எளிய விஷயம்: கேமரா யாருடையது என்று முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்கிறாரா? "நானே காசு கொடுத்து வாங்கினேன்" என்பவர் சொல்லும் குறைக்கும், இரவல் வாங்கியவர் சொல்லும் குறைக்கும் கனம் வேறு. இரவல் வாங்கியவர் குறை சொன்னால் அதன் கனம் இன்னும் அதிகம், அடுத்த கேமரா அவருக்கு வராமல் போகலாம் என்று தெரிந்தே சொல்கிறார்.

அப்படியானால் பயனர் சொல்வதே வேதமா? இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தின் பொய்கள் எனக்கு இன்னும் நெருக்கமானவை. தவணையில் இரண்டு லட்சத்துக்குக் கேமரா வாங்கியவரிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தவணை முடியும்வரை "சூப்பர்" என்றுதான் சொல்வார். சொல்லாவிட்டால் வீட்டில் என்ன பதில் சொல்வது? இன்னும் சிலருக்குக் கேமரா நிறுவனம் கட்சி மாதிரி. கட்சி மாறியவர்களைத் துரோகி என்பார்கள். ஆன்லைன் கடைகளில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து "டெலிவரி சீக்கிரம் வந்தது, டப்பா நசுங்கவில்லை" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது கூரியர்காரருக்குக் கிடைக்க வேண்டிய நட்சத்திரம். காசு கொடுத்து எழுதவைக்கும் கருத்துகளும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் இதற்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தர வரையறை கொண்டுவர வேண்டியிருந்தது. குறை சொல்கிறவர்களிலும் பாதிப் பேர் கேமராவைக் கற்றுக்கொள்ளாதவர்கள். "ஃபோகஸே பிடிக்கவில்லை, மோசம்" என்று ஒரு தம்பி காட்டிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் 1/40-இல் எடுத்தவை. ஃபோகஸ் சரியாக இருந்தது, மணப்பெண்ணின் கை ஆடியிருந்தது.

ஆகவே யாரைக் கேட்பது என்பதைவிட, எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். சென்சார் எவ்வளவு இருட்டைத் தாங்கும், ஃபோகஸ் முந்தைய மாடலைவிட எவ்வளவு மேல் என்பவற்றுக்கு நல்ல விமர்சகர்தான். ஒரே காட்சியை, ஒரே வெளிச்சத்தில், பத்துக் கேமராவில் எடுத்து ஒப்பிட்டுக் காட்ட எனக்கு வசதி இல்லை. டிபிரிவியூ என்ற கேமரா விமர்சன இணையதளம் 1998 முதல் செய்துவந்த வேலை அது. 2023-இல் அமேசான் அதை மூடப் போவதாக அறிவித்தபோது உண்மையாகவே வருத்தப்பட்டேன், வேறொரு நிறுவனம் வாங்கித் தொடர்ந்தது நிம்மதி. அங்கே மாதிரி ரா கோப்புகள் கிடைக்கும். பேச்சைக் கேட்பதைவிட அதை இறக்கி நம் கணினியில் நம் மென்பொருளில் திறந்து நிழலான பகுதியை வெளிச்சமாக்கிப் பார்ப்பது மேல்.

உழைப்பைப் பற்றித் தெரிய வேண்டுமா, வாடகைக் கடைக்காரரிடம் போங்கள். அவரிடம் அதே கேமரா நாலைந்து இருக்கும், ஒவ்வொன்றும் யார் யார் கையிலோ அடிபட்டு வரும். ஒரே ஒரு கேமராவைப் பார்த்தவருக்கு, அது நல்ல உருப்படியா, கெட்ட உருப்படியா என்றுகூடத் தெரியாது. லென்ஸ்ரென்டல்ஸின் ராஜர் சிக்காலா ஒரே லென்ஸின் பல உருப்படிகளை அளந்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று வருடக்கணக்கில் எழுதியவர். படித்தால் "என் லென்ஸ் சரியில்லை", "என் லென்ஸ் கத்திமாதிரி" என்ற இரண்டு சண்டைகளும் அடங்கும். நம் ஊர் வாடகைக்காரர் கட்டுரை எழுத மாட்டார். "எந்தக் கேமராவை இனிமேல் வாங்க மாட்டீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், கொட்டிவிடுவார்.

அவருக்கும் மேலே மெக்கானிக். மதுரையில் நான் போகும் ஒருவர் இருக்கிறார். மாடிப்படிக்கு அடியில் எட்டடி அறை. மேசையில் காந்தத் தகடு, அதில் கழற்றிய வரிசைப்படியே ஒட்டிய திருகுகள். என் ஜூம் லென்ஸ் ஒன்று படம் எடுக்கும் நேரத்தில் பிழைச் செய்தி காட்டி நின்றுகொண்டிருந்தது. அகலமாக வைத்தால் வேலை செய்யும், நெருக்கினால் நிற்கும். திறந்து, சின்ன இடுக்கியால் பழுப்பு நிற ஃபிளெக்ஸ் கேபிளைத் தூக்கி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். மடிப்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல். "ஜூமைத் திருப்புகிறபோதெல்லாம் மடங்குகிற இடம் அண்ணே. இந்த மாடல் வந்தாலே திறக்காமல் சொல்லிவிடுவேன்" என்றார். மேசைக்கு அடியில் பெட்டியைத் திறந்து காட்டினார். அதே கேபிள், பத்துப் பதினைந்து, வாங்கி இருப்பு வைத்திருக்கிறார். ஒரு மெக்கானிக் எதை இருப்பு வைக்கிறார் என்பதைவிட நேர்மையான விமர்சனம் எனக்குத் தெரியாது. அவரிடம் பேட்டரி மூடி, பின்பக்கச் சக்கரம், கட்டைவிரல் ரப்பர் எந்தக் கேமராவுக்கெல்லாம் குவிந்து கிடக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

பழைய கேமரா சந்தையும் பேசும். வெளிவந்து எட்டு மாதத்துக்குள் ஒரு மாடல் விற்பனைக்குக் குவிந்தால் காரணம் கேளுங்கள். வைத்திருப்பவரை விட, விற்றுவிட்டவரிடம் கேட்பதில் லாபம் அதிகம். அவருக்குக் காக்க வேண்டிய கௌரவம் எதுவும் மிச்சமில்லை. ஏன் விற்றீர்கள், அதற்குப் பதில் என்ன வாங்கினீர்கள், அந்தப் பழையதில் எதை இப்போது தேடுகிறீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். விமர்சனங்களிலும் வெளியான நாளில் வந்ததை விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து அதே ஆள் போட்டது இருக்கிறதா என்று தேடுவேன். பெரும்பாலும் இருக்காது. இருந்தால் அந்த ஆளை நம்பலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாளாவது வாடகைக்கு எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன், அதுவும் கல்யாணம் இல்லாத நாளில். வெள்ளைச் சுவரை எஃப்/16-இல் எடுங்கள். எல்இடி திரைக்கு முன் யாரையாவது நிறுத்தி இரண்டு ஷட்டரிலும் 1/100, 1/125, 1/200 என்று மாற்றி எடுத்து, வீட்டுத் திரையில் பாருங்கள். கறுத்த முகம், வெள்ளை வேட்டி, பின்னால் வெயில், இந்த மூன்றும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள், நம் வேலையில் பாதி அதுதான். கேமரா திணறி நிற்கும்வரை தொடர்ந்து எடுத்து, எத்தனை நொடி மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். அந்தக் கோப்புகளை உங்கள் எடிட்டரிடம் கொடுத்து முகத்தைக் கவனியுங்கள். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், ஷட்டர் மாற்ற எத்தனை நாள், இடையில் மாற்றுக் கேமரா தருவார்களா என்று தொலைபேசியில் கேளுங்கள். வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவில் கேட்டுத் தெரிந்துகொள்வது கொடுமை.

இதற்கெல்லாம் தோதான மாதம் ஆடி. முகூர்த்தம் கிடையாது, வாடகைக் கடைகளில் கேமராக்கள் சும்மா தூங்கும், பேரம் பேசினால் ஒரு நாள் வாடகைக்கு மூன்று நாள் தருவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சௌகரியம், ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. கோபுரம் முழுக்க ஓடும் சீரியல் விளக்கு, கூட்டம், கடல் ஈரம், இரவு. ஒரு கேமராவுக்கு என்னென்ன தொல்லை தர முடியுமோ எல்லாம் ஒரே தெருவில், இலவசமாக.